எல்லாம் கம்ப்யூட்டர் தம்பி பார்த்துக்கொள்ளுமா?

திருவாரூர், மன்னார்குடி பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் (விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துபவை) சிலவற்றுக்கு நான் கணக்கு பார்க்கிறேன். டிஜிட்டல் பேச்சை எடுத்தாலே இயக்குநர்கள் சொல்வது ஒன்றுதான்: "அதெல்லாம் கம்ப்யூட்டர் தம்பி பாத்துக்கும் சார்."

கம்ப்யூட்டர் தம்பி என்றால் அலுவலகத்தில் கணினி பார்க்கும் பையன். எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவதுதான் முதல் தவறு. ஒரு தை மாதம், சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தபோது, அந்தத் தம்பி அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டார். நெல்லுக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஓடிபி அவர் செல்லுக்கு மட்டும்தான் வரும். செல்லோ சுவிட்ச் ஆஃப். வாசலில் பதினைந்து விவசாயிகள். பாஸ்வேர்டு மட்டும் தினசரி காலண்டரின் பின் அட்டையில் பென்சிலால் எழுதிப் பத்திரமாக இருந்தது! தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். "மென்பொருள் வாங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்ற ஒரே வரி. பணம் அனுப்ப யார் ஒப்புதல் தருவது, அவர் இல்லாவிட்டால் யார் என்பதை யாரும் கேட்கவே இல்லை.

மதகுச் சாவி, அதைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கர் கையில் இருக்கலாம். எப்போது, எவ்வளவு திறப்பது என்று அவரா முடிவு செய்கிறார்? நிறுவனங்களில் கணினித் தொழில்நுட்பத்தை எப்படி நிர்வகிப்பது என்பதற்காக 2008இல் வந்த ஐஎஸ்ஓ 38500 என்ற சர்வதேசத் தரநிலையும் நிர்வாகக் குழுவுக்கு மூன்று வேலைகளைச் சொன்னது: நிலைமையை மதிப்பிடுவது, திசை காட்டுவது, கண்காணிப்பது. கணினி ஓட்டத் தெரியாத இயக்குநரும் இந்த மூன்றையும் செய்யலாம்.

அடுத்தது, மென்பொருள் வாங்கியதோடு மாறிவிட்டோம் என்று நினைப்பது. வியாபாரி வாட்ஸ்அப்பில் விலை சொல்லி, வரப்பிலேயே ஜிபே பண்ணிவிட்டு மூட்டையை ஏற்றிப் போகிறார். நம் நிறுவனத்தில் பழைய மூன்று கையெழுத்தை இப்போது பிரிண்ட் எடுத்துப் போடுகிறார்கள். உறுப்பினர் ஏன் காத்திருப்பார்? உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது சட்டம். அதற்குள் நெல் விலை எத்தனை முறை மாறும்! அதனால் வரம்பை முன்கூட்டியே தீர்மானமாகப் போடுங்கள். இவ்வளவு தொகை வரை தலைமைச் செயல் அலுவலர், அதற்கு மேல் இரண்டு இயக்குநர்கள். வங்கித் தளத்தில் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர், விடுப்புக்கு மாற்று ஆள் ஒருவர். கையெழுத்தைக் கூட்டிக்கொண்டே போவதை நிர்வாகம் என்று நினைப்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான்.

புதிய முறையை அறுவடை நேரத்தில் தொடங்காதீர்கள். சித்திரையில் வையுங்கள், ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிக் குறுவை வேலை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பழக நேரமிருக்காது.

அப்புறம் ஆதார், சிட்டா, பாஸ்புக் நகல்கள். இவை வாட்ஸ்அப் குழுக்களில் சர்வசாதாரணமாகச் சுற்றுகின்றன. 2023இலேயே தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. கணினிக்குள் யாராவது புகுந்துவிட்டால், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 உத்தரவு. அந்த மின்னஞ்சலை யார் அனுப்புவது என்று இன்றே ஒரு பெயரை எழுதி வையுங்கள்.

மென்பொருள் ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள்: இந்த மென்பொருளை விட்டு நாங்கள் விலகும்போது எங்கள் உறுப்பினர் கணக்கு முழுவதையும் எக்செல்லில் திருப்பித் தர வேண்டும். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்ட ஓர் இடத்தில், ஆயிரத்துச் சொச்சம் பேரின் பங்குத்தொகையைப் பழைய பேரேட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். அதற்கே ஒரு கோடை போய்விட்டது.