ஐரிஷ் காபி: கிரீம் மூழ்காமல் மிதக்க

ஐரிஷ் காபியில் இருப்பது நான்கே பொருள்: காபி, சர்க்கரை, ஐரிஷ் விஸ்கி, கிரீம். இவற்றில் காபியும் விஸ்கியும் பெரும்பாலும் சரியாகவே வரும். வீட்டில் செய்பவர்களைக் கவிழ்ப்பது கிரீம்தான். மேலே வெள்ளையாக நிற்கவேண்டியது உள்ளே இறங்கிக் கலந்துவிட்டால், கையில் மிஞ்சுவது விஸ்கி ஊற்றிய பால் காபி.

இதில் சறுக்கியவர்கள் பெரிய ஆட்களும்தான். 1940களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் ஃபோய்ன்ஸ் நீர்விமானத் தளத்தில், குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் செய்து கொடுத்த பானம் இது. 1952 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் புவெனா விஸ்டா கஃபே உரிமையாளர் ஜாக் கெப்ளரும் பத்திரிகையாளர் ஸ்டான்டன் டெலப்ளேனும் அதே சுவையைக் கொண்டுவரப் பார்த்தபோது, கிரீம் ஒவ்வொரு முறையும் கீழே போய்க்கொண்டே இருந்தது. கிரீமை 48 மணி நேரம் வைத்திருந்து, பிறகு அளவாக நுரைக்கவைத்ததும்தான் மிதந்தது என்பது அந்தக் கடையே சொல்லும் கதை.

ஏன் மூழ்குகிறது? தண்ணீர் சூடானால் அடர்த்தி குறையும். விஸ்கியில் உள்ள ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, அது சேர்ந்ததும் இன்னும் குறையும். ஆக, கோப்பையில் இருக்கும் கலவை வெறும் தண்ணீரைவிடவே லேசு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமோ கிட்டத்தட்ட தண்ணீர் அளவுக்கு கனம். அப்படியே ஊற்றினால் இறங்கத்தான் செய்யும். இதற்கு மாற்று இரண்டு. சர்க்கரை, கீழே இருப்பதைக் கனமாக்கும். காற்று, மேலே இருப்பதை லேசாக்கும். "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்பவருக்கு இந்தப் பானம் சரிப்படாது. ஒரு டீஸ்பூனாவது போட்டே ஆகவேண்டும்.

ஒரு கோப்பைக்கு

சூடான கடுங்காபி 120 மி.லி.
ஐரிஷ் விஸ்கி 40 மி.லி.
பழுப்புச் சர்க்கரை 2 டீஸ்பூன்
35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம், நுரைக்குமுன் 35 மி.லி.
220 முதல் 240 மி.லி. கொள்ளும் கண்ணாடிக் கோப்பை, கைப்பிடியோ தண்டோ உள்ளது

கிரீமிலிருந்து ஆரம்பிப்போம். கடையில் சிறு டெட்ரா பெட்டியில் "ஃபிரெஷ் கிரீம்" என்று கிடைப்பதில் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்புதான் இருக்கும். குருமாவுக்கும் ஃபுரூட் சாலடுக்கும் அது போதும், இதற்குப் போதாது. எவ்வளவு அடித்தாலும் காற்று தங்காது. "விப்பிங் கிரீம்" என்று போட்டு, பால் கொழுப்பு 35 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதை வாங்குங்கள். கேக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் தாவர எண்ணெய் விப் வேண்டாம். அதில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும், நாக்கில் மெழுகு தடவியதுபோல ஒட்டும். காய்ச்சிய பாலில் எடுத்த ஏடும் ஆகாது, திப்பி திப்பியாக நிற்கும்.

கிரீம், கிண்ணம், அடிக்கும் கம்பி மூன்றையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் கெட்டியாக இருக்கும் கொழுப்புதான் காற்றுக் குமிழைப் பிடித்து நிறுத்தும். இளகிவிட்டால் பிடி விட்டுப்போகும். சமையலறை 32 டிகிரியில் வேகும் ஊரில், கிண்ணத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டே அடிப்பது நல்லது. கம்பி இல்லையென்றால், மூடி இறுகிய ஜாம் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிக் குலுக்கலாம். சளசளவென்ற சத்தம் மந்தமானதும் திறந்து பாருங்கள்.

பதம்தான் எல்லாம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தோசை மாவு போல அறுபடாமல் வழியவேண்டும். விழுந்த இடத்தில் மடிப்பு தெரிந்து, இரண்டு மூன்று விநாடியில் மறைய வேண்டும். பெரிய குமிழ் ஒன்றுகூட மேலே இருக்கக்கூடாது. இருந்தால் கிண்ணத்தை மேடையில் இரண்டு தட்டு தட்டுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல முனை நிற்கும்வரை அடித்தால், அது மிதக்கும், ஆனால் மூடிபோட்டதுபோல அடைத்துக்கொள்ளும். குடிக்கும்போது மூக்கில் கிரீம் ஒட்டுமே தவிர, காபி வாய்க்கு வராது. கைமீறிவிட்டால் அடிக்காத குளிர்ந்த கிரீம் ஒரு கரண்டி விட்டு மெதுவாகப் புரட்டுங்கள், இளகிவிடும். மஞ்சளாகத் திரிதிரியாகிவிட்டால் வெண்ணெய் ஆகிவிட்டது என்று அர்த்தம். ரொட்டிக்குத் தடவிக்கொள்ளலாம், மறுபடி தொடங்குங்கள். கிரீமில் சர்க்கரையோ வனிலாவோ சேர்க்காதீர்கள். இனிப்பு கீழே, இனிப்பில்லாத குளிர்ச்சி மேலே. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

காபி கடுமையாக இருக்கவேண்டும், ஆனால் தீய்ந்த கசப்பு கூடாது. ஃபிரெஞ்சு பிரஸ் (தூளை வெந்நீரில் ஊறவைத்து, சல்லடையை அழுத்தி வடிக்கும் குடுவை) இருந்தால் இரண்டு கோப்பைக்கு 20 கிராம் தூள், 280 மி.லி. வெந்நீர், நான்கு நிமிடம். தூள் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், சுமார் 240 மி.லி. கிடைக்கும். நம் வீட்டு ஃபில்டரிலும் தாராளமாகச் செய்யலாம்: முதல் டிகாக்‌ஷன் 50 மி.லி., கொதிநீர் 70 மி.லி. ஆனால் சிக்கரி கலக்காத தூளாக இருக்கட்டும். சிக்கரியின் கசப்பு பாலோடு சேரும்போது அடங்கும், விஸ்கியோடு சேர்ந்தால் மருந்து வாடை அடிக்கும்.

விஸ்கிக்கு ஜேம்சன், டலமோர் டியூ, புஷ்மில்ஸ் எதுவும் சரி. பொதுவாக ஐரிஷ் விஸ்கியில் புகை வாடை இருக்காது, சூட்டில் மென்மையாகவே நிற்கும். புகை வாடை தூக்கலான ஸ்காட்ச் காபியோடு சண்டைபோடும். மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) ஸ்பிரிட் கலந்த மலிவு விஸ்கியைச் சூடான காபியில் ஊற்றினால், சோடாவில் மறைந்திருந்த நெடி முழுக்க ஆவியோடு மேலே வரும். அதே சமயம் பன்னிரண்டு வருஷச் சரக்கை இதில் ஊற்றுவது வீண்.

இனி சேர்க்கும் வரிசை. கோப்பையில் முதலில் வெதுவெதுப்பான நீர், அதைக் கொட்டிவிட்டு வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வையுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் நேராகக் கொதிநீர் விட்டால், அதுவும் அடி கனமான கோப்பையாக இருந்தால், பளீரென்று விரிசல் விடும். வெந்நீரைக் கொட்டி, சர்க்கரை போட்டு, 85 டிகிரி அளவில் உள்ள காபியை ஊற்றி, அடியில் நறநறப்பு நிற்கும்வரை கலக்குங்கள். கரையாத சர்க்கரை எந்த வேலையும் செய்யாது. பிறகு விஸ்கி, ஒரு கலக்கு. கலவை இப்போது 70 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். விஸ்கியைத் தனியாக அடுப்பில் சூடாக்கவேண்டாம், மணம் போய்விடும், தீயும் பிடிக்கலாம்.

பத்து விநாடி பொறுங்கள். சுழல் நிற்காமல் கிரீம் ஊற்றினால் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து, அதன் நுனி காபியின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். முதுகின்மேல் கிரீமை மெதுவாக வழியவிட்டு, மட்டம் ஏற ஏற ஸ்பூனையும் தூக்குங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் வெள்ளை நின்றால் போதும்.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் பழுப்புக் கோடு ஓடினால் கிரீம் ஒரு நூல் இளக்கம், அடுத்ததற்கு ஐந்து விநாடி கூட அடியுங்கள். மேலே எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் காபி மிதமிஞ்சிய சூடு, அல்லது கிரீம் போதுமான குளிர்ச்சியில் இல்லை. மொத்தமாக இறங்கிவிட்டால் சர்க்கரை குறைவா, கிரீம் 25 சதவீதமா என்று பாருங்கள்.

ஸ்ட்ரா வேண்டாம், கலக்கவும் வேண்டாம். குளிர்ந்த கிரீமின் வழியாகச் சூடான காபியை உறிஞ்சிக் குடிக்கவேண்டும்.

ஆறு பேருக்குச் செய்வதானால் சர்க்கரை கலந்த காபியை ஃபிளாஸ்கில் வைத்துக்கொண்டு, விஸ்கியைக் கோப்பைக்குக் கோப்பை அளந்து விடுங்கள். கிரீமை முன்பே அடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் அரை மணிவரை தாங்கும், ஊற்றுமுன் ஒருமுறை குலுக்கினால் பழைய பதத்துக்கு வரும். ஒன்று மட்டும்: காபி தூக்கத்தைத்தான் விரட்டும், போதையை இறக்காது. தெளிவாக இருப்பதுபோலத் தோன்றினாலும் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.