பிட்டுக்குள் சத்து: நெத்தலித்தூளும் முளைப்பயற்று மாவும் வீட்டில் செய்யும் முறை

என் மகளுக்கு மூன்றரை வயதாக இருந்தபோது, தொடர்ந்து மூன்று மாதம் அவளுடைய நிறை ஏறவில்லை. கிளினிக்கில் பதிவேட்டைப் பார்த்த குடும்ப நல உத்தியோகத்தர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பிள்ளை எதை விரும்பிச் சாப்பிடுகிறாள்?" என்று மட்டும் கேட்டார். பிட்டு, ரொட்டி, பிஸ்கட் என்றேன். "பிஸ்கட்டை நிறுத்துங்கள். பிட்டுக்கும் ரொட்டிக்கும் உள்ளே என்ன போடலாம் என்று பாருங்கள்" என்றார்.

அதுவரை நான் சத்துள்ளது என்று கேள்விப்பட்டதையெல்லாம் புதுப்புது உணவாகச் செய்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து பிட்டு பிட்டாகவே இருந்தது, ரொட்டி ரொட்டியாகவே இருந்தது. உள்ளே இருந்ததைத்தான் மாற்றினேன். அதற்காகச் செய்து பழகிய இரண்டு பொருள்களையும் ஓர் உருண்டையையும் இங்கே எழுதுகிறேன். இவை ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கானவை.

முதலில் நெத்தலித்தூள்

இதை நீட்டித்தான் எழுத வேண்டும். இதில்தான் இரண்டு முறை தவறினேன்.

நெத்தலியை முள்ளோடு சாப்பிடுகிறோம். கல்சியம் பெரும்பாலும் அந்த முள்ளில்தான் இருக்கிறது. சதையில் புரதமும் இரும்பும் இருக்கின்றன. இன்னொரு நன்மை பலருக்குத் தெரிவதில்லை: கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. அதே நேரத்துச் சாப்பாட்டில் கொஞ்சம் மீன் இருந்தால் கூடுதலாக உறிஞ்சுகிறது.

திருகோணமலையில் நிலாவெளி, சல்லி, உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் காலத்தில் பச்சை நெத்தலி மலிவாகக் கிடைக்கும். மற்றக் காலத்தில் கருவாடுதான். கருவாடு என்றால் கால் கிலோ வாங்குங்கள். விரல் நீளத்துக்கு மேல் போகாத சின்ன நெத்தலியே நல்லது. பெரியதில் முள் தூளாகாது.

தலையைக் கிள்ளும்போது வயிற்றுக் குடலும் சேர்ந்து வந்துவிட வேண்டும். குடல் இருந்தால் தூள் கைக்கும்.

இனிக் கழுவுதல். நான் முதலில் தவறிய இடம் இது. கருவாட்டைக் கடற்கரையில் காயப்போடுவதால் செதிலுக்குள் மணல் ஒட்டியிருக்கும். நான் ஒரு முறை அலசி, அரிதட்டில் ஊற்றி வடித்தேன். சட்டியின் அடியில் தங்கிய மணல் முழுவதும் தண்ணீரோடு மீன்மேலேயே மீண்டும் விழுந்திருக்கிறது. அரைத்த தூள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மகள் ஒரு வாய் மென்றாள், பல்லில் நறநறவென்றது, துப்பிவிட்டாள். அதன்பிறகு இரண்டு கிழமை பிட்டையே தொடவில்லை. அவள் நம்பிச் சாப்பிட்டுவந்த ஒரே உணவையும் நான் கெடுத்துவிட்டேனே என்று அழுதிருக்கிறேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அடி வெள்ளையாக இருக்கும் அகலமான பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, மீனைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கையால் மெல்ல அலசுங்கள். பிறகு மீனைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்தில் போடுங்கள். மீன் உள்ளே இருக்கும்போது தண்ணீரைச் சாய்க்கவே கூடாது. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு மீண்டும் அதே வேலை. பாத்திரத்தின் அடியில் ஒரு மணலும் தெரியாமல் போகும்வரை தொடருங்கள். எனக்கு நான்கு தண்ணீர் வேண்டியிருக்கிறது. இப்படி ஊறுவதில் உப்பும் பெருமளவு இறங்கிவிடும். சின்னப் பிள்ளைக்கு அதுவும் முக்கியம்.

அடுத்தது காயவைத்தல். இரண்டாம் முறை தவறியது இங்கே. கழுவிய மீனை அரை நாள் மட்டும் வெயிலில் வைத்துவிட்டு வறுத்து அரைத்தேன். பத்தாம் நாள் போத்தலைத் திறந்தால் பூஞ்சண வாடை. முழு நாள் நல்ல வெயில் வேண்டும். சுளகில் பரப்பி, மேலே கொசுவலைத் துணியால் மூடுங்கள். பிறகு எண்ணெய் விடாமல் தாச்சியில், மிகக் குறைந்த நெருப்பில் வறுக்க வேண்டும். ஒரு மீனை எடுத்து முறித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 'டக்'கென்று முறிந்தால் இறக்கலாம். முற்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து மறுபடியும் ஈரமாகும்.

அரைப்பதற்கு மிக்ஸியின் சின்ன உலர் ஜாடியே சரி. பழச்சாறு அடிக்கும் பெரிய ஜாடியில் முள் அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும், தூளாகாது. அரைத்ததை மெல்லிய அரிதட்டில் அரித்து, விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். குத்துகிற முள் ஒன்றும் இருக்கக் கூடாது. மேலே தங்கும் கப்பியை எறியாதீர்கள், பெரியவர்களின் சம்பலுக்கு அது அருமை. தூளைக் கண்ணாடிப் போத்தலில்தான் போடுவேன். பிளாஸ்டிக் டப்பா கருவாட்டு வாடையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு வேறெதற்கும் உதவாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பிட்டில் சேர்க்கும் விதம்: மாவோடு குழைக்க வேண்டாம், வாடை எழும்பும். நீத்துப்பெட்டியில் மாவும் தேங்காய்ப்பூவும் மாற்றி மாற்றிப் போடும்போது, தேங்காய்ப்பூவோடு தூவுங்கள். முதல் கிழமை ஒரு பிள்ளைக்குக் கால் தேக்கரண்டி. பழகிய பிறகு மெல்ல ஒரு தேக்கரண்டி வரை போகலாம். அந்தப் பிட்டு மாவுக்கு உப்புப் போடாதீர்கள்.

முளைப்பயற்று மா

அரைக் கிலோ குரக்கன், கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ சிவப்பரிசி. அரிசிக்கு நான் தம்பலகாமத்து நாட்டரிசியை விட்டு வேறு வாங்குவதில்லை. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அதே அளவு பயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம்.

குரக்கனையும் பயற்றையும் தனித்தனியே கழுவி இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தால் போதும், நீள விடாதீர்கள். முளைகட்டுவது வெறும் சம்பிரதாயமில்லை. தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் பைற்றேற்று என்ற பொருள் குறைகிறது. மாச்சத்தும் ஓரளவு உடைகிறது. அதனால் கஞ்சி பசைபோல் இறுகாது. அதே கிண்ணத்துக்குள் கூடுதல் மா கரைக்கலாம். சின்ன வயிற்றுக்கு அதுதான் வேண்டும்.

இரண்டு நாள் வெயில், பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தல். ஒன்றாகப் போட்டால் பயறு சிவக்கும் முன் குரக்கன் கருகும். மில்லுக்குக் காலையிலேயே, முதல் ஆளாகப் போங்கள். மிளகாய்த்தூள் திரித்த பிறகு உங்கள் மா போனால் பிள்ளையின் வாய் எரியும். ஒரு சுண்டு வெறும் அரிசியைக் கையோடு கொண்டுபோய் முதலில் திரித்து, அதைத் தனியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எள்ளையும் கச்சானையும் இந்த மாவோடு மில்லில் கொடுக்காதீர்கள். எண்ணெய் விட்டுக் கல்லில் அப்பும், மாவும் விரைவில் காறல் வாடை அடிக்கும். அவற்றைக் கிழமைக்குக் கிழமை வீட்டில் அரைத்து, சமைக்கும்போது சேர்ப்பதே நல்லது.

ரொட்டிக்கு இந்த மாவும் கோதுமை மாவும் சரிபாதி. கையளவு பச்சை முருங்கையிலையை மிக மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு பிசைந்து தட்டுங்கள். முருங்கையிலைத் தூள் வாங்குவதை நான் விரும்புவதில்லை. நம் ஊரில் வளவுக்கு ஒரு முருங்கை நிற்கிறது. பச்சை இலைக்குக் கைப்பும் குறைவு. தூள்தான் வேண்டுமென்றால் இலையை நிழலில், அறைக்குள் உலர்த்துங்கள். நேர் வெயில் பட்டால் விற்றமின் ஏயாக மாறும் சத்து அழிந்துபோகும். அந்தச் சத்து உடம்பில் சேர எண்ணெய்ப்பசை வேண்டும். தேங்காய்ப்பூ அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சாப்பாட்டோடு பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். தேயிலைச் சாயம் இரும்பைச் சேரவிடாது. அதற்குப் பதிலாக ஒரு துண்டு கொய்யா அல்லது சொதியில் பிழிந்த தேசிக்காய், இரும்பைச் சேர்த்துக் கொடுக்கும்.

எள்ளுருண்டை

பிஸ்கட்டின் இடத்துக்கு இது. 200 கிராம் கறுப்பு எள்ளை வறுத்து, 100 கிராம் வறுத்துத் தோல் நீக்கிய கச்சானோடு விட்டு விட்டு அரையுங்கள். 150 கிராம் பனங்கட்டியைச் சீவிச் சேர்த்து, இடித்து உருட்டுங்கள். நெல்லிக்காய் அளவு, நாளுக்கு ஒன்று போதும். முழுக் கச்சான் ஒன்றும் உள்ளே இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது தொண்டையில் அடைக்கும். கறுத்த, சுருங்கிய, பூஞ்சணம் பிடித்த கச்சானைப் பொறுக்கி எறியுங்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முற்றாகப் போகாது.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய், எட்டு மாதக் குழந்தைக்கு நெத்தலித்தூள் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், உப்பு இன்னும் மிஞ்சியிருக்கும். பச்சை மீனை அவித்து, முள் நீக்கி மசித்துக் கொடுங்கள். முளைப்பயற்று மாவில் கஞ்சி காய்ச்சலாம், நன்றாகக் கொதிக்க வேண்டும்.

வீட்டில் மீன் சேர்ப்பதில்லை என்று எழுதியவருக்கு: வறுத்து அரைத்த எள்ளைத் தேங்காய்ப்பூவோடு தூவுங்கள். முழு எள் அப்படியே வெளியேறிவிடும், அரைத்தால்தான் பயன்.

கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். நிறுத்தாதீர்கள். அதில் சோளம், சோயாவுடன் விற்றமின்களும் கனிமங்களும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்த அளவை நம் அடுப்படியில் கொண்டுவர முடியாது. இரும்புச் சிரப்பும் அப்படித்தான், மருத்துவர் சொல்லும்வரை தொடரட்டும்.

கச்சான் சாப்பிட்டதும் தன் பிள்ளைக்கு உதடு வீங்கியதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்த உருண்டையை உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். நீங்களும் முதல் நாள் துளியளவு கொடுத்து, சற்று நேரம் பிள்ளையின் பக்கத்திலேயே இருங்கள்.

கார்த்திகை மழையில் எப்படிக் காயவைப்பது என்ற கேள்விக்கு: அந்தக் காலத்தில் நான் பெரிய அளவில் செய்வதில்லை. நூறு கிராம் நெத்தலியைக் கழுவி, துணியில் ஒற்றி, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் வைப்பேன். காலையில் தணல்போன்ற நெருப்பில் முக்கால் மணி நேரம் கிளறிக்கொண்டே வறுப்பேன். முறித்துப் பார்ப்பது அப்போதும் கட்டாயம்.