கம்பளிக் கிண்ணம்: குரோஷே பின்னலிலும் ஃபெல்டிங்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவி, சில்லறை, கண்ணாடி, ஊசிநூல் என்று வீட்டில் சிதறிக் கிடப்பதைப் போட்டுவைக்க ஃபெல்ட் செய்த கம்பளிக் கிண்ணம் நல்ல பொருள். கீழே விழுந்தால் உடையாது, மேசையில் கீறல் போடாது. செய்முறையும் கேட்பதற்கு எளிது. குரோஷே ஊசியால் தளர்வாக, வேண்டியதைவிடப் பெரிதாக ஒரு கிண்ணம் பின்ன வேண்டும். அதை வெந்நீரிலும் சோப்பிலும் கசக்கினால் கண்ணிகள், அதாவது பின்னலின் வளையங்கள், மறைந்து, தடித்த துணியாகச் சுருங்கும். இதற்குத்தான் ஃபெல்டிங் என்று பெயர். ஈரத்தோடு ஒரு பாத்திரத்தின் மேல் கவிழ்த்து உலர்த்தினால் அந்த வடிவம் நிலைத்துவிடும். ஆனால் சுருங்கிய கம்பளி திரும்ப விரியாது. அதனால் கெட்டுப்போகும் கிண்ணங்களில் பெரும்பாலானவை நூல் வாங்கும்போதோ முதல் பத்துச் சுற்றிலோ கெட்டுவிட்டவைதான். தண்ணீரில் போட்ட பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது.

'உல்லன்' என்று விற்பதெல்லாம் கம்பளி ஆகாது

நம் ஊர்க் கடைகளில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக். அது பிளாஸ்டிக் இழை. எத்தனை மணி நேரம் வெந்நீரில் கசக்கினாலும் தொளதொளத்துப் போகுமே தவிர ஃபெல்ட் ஆகாது. பருத்தி நூலும் அப்படித்தான். ஆட்டுக் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் ஒரே திசை நோக்கி அடுக்கியிருக்கும். ஈரமும் சூடும் சோப்பும் சேரும்போது இழை நெகிழும். கசக்கும்போது ஒவ்வோர் இழையும் செதில் அனுமதிக்கும் ஒரே பக்கமாக நகரும், வந்த வழியே திரும்ப முடியாமல் பக்கத்து இழைகளோடு சிக்கிக்கொள்ளும். ஃபெல்டிங் என்பது இந்தச் சிக்கல்தான். செதில் இல்லாத இழையில் இது நடக்க வாய்ப்பே இல்லை.

சந்தேகமிருந்தால் ஒரு விரல் நீளம் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தலைமுடி கருகும் நாற்றம் வரும், மிஞ்சும் கரி விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான உருண்டையாக நிற்கும்.

இந்தச் சோதனையில் தேறிய நூலும் ஏமாற்றலாம். 'சூப்பர்வாஷ்' என்று லேபிளில் போட்டிருப்பது நூறு சதவீதம் கம்பளிதான். ஆனால் வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்கக் கூடாது என்பதற்காக அதன் செதில்களை ரசாயனத்தால் மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சும் கொடுத்திருப்பார்கள். ஸ்வெட்டருக்கு அது வரம், கிண்ணத்துக்கு உதவாது. லேபிளில் 'மெஷின் வாஷ்' என்றோ, தொட்டிக்குள் வெப்பநிலை எண் போட்ட குறியோ இருந்தால் அந்த நூலை விட்டுவிடுங்கள். தொட்டிக்குள் கை போட்ட குறி நல்ல அறிகுறி. லேபிளே இல்லையென்றால், இரண்டு நூல் முனைகளைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு, உள்ளங்கைகளுக்கிடையே அரை நிமிடம் வேகமாகத் தேயுங்கள். முனைகள் ஒட்டி ஒரே நூலானால் தாராளமாக வாங்கலாம்.

வெளுத்த பளீர் வெள்ளை நூலிலும் கவனம் வேண்டும். வெளுக்கும் ரசாயனம் செதிலையும் பதம் பார்ப்பதால் சில வெள்ளைகள் சோம்பலாகத்தான் சுருங்கும். வெள்ளைக் கிண்ணம் வேண்டுமென்றால் வெளுக்காத இயற்கைப் பால்நிற நூல் மேல். ஒரே கிண்ணத்தில் இரண்டு நிறுவனங்களின் நூலைக் கலப்பதும் வேண்டாம். ஒன்று கூடுதலாகச் சுருங்கி, கோடு போட்ட இடத்தில் இடுப்பு வைத்துக்கொள்ளும்.

அழகாகப் பின்னுவதே ஒரு தவறு

குரோஷே நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நெருக்கமாக, இடைவெளி இல்லாமல் பின்னிப் பழகிய கை அப்படியே பின்னிவிடும். கண்ணிகள் இறுகிவிட்டால் இழைகள் நகர இடமில்லை. மேற்பரப்பில் மட்டும் கொஞ்சம் பஞ்சு எழும்பும், உள்ளே கண்ணி அப்படியே தெரியும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வரும் நடுத்தடிமன் நூலுக்கு வழக்கமாக 5 மில்லிமீட்டர் ஊசி என்றால், ஃபெல்ட் செய்ய 6.5 முதல் 8 மில்லிமீட்டர் வரை போக வேண்டும். இரட்டை நூலாகப் பிடித்துப் பின்னினால் 9 அல்லது 10. பின்னியதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணிகளுக்கிடையே வெளிச்சம் தெரிய வேண்டும். 'இது என்ன சல்லடையா' என்று வீட்டில் யாராவது கேட்டால் பதம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

தளர்வு வேண்டும் என்பதற்காக உயரமான கண்ணிக்குத் தாவுவது இன்னொரு கோளாறு. அமெரிக்க முறையில் சொல்லும் டபுள் குரோஷேயில் தூண்களுக்கிடையே உள்ள சந்து பெரிது, சுருங்கிய பிறகும் ஓட்டையாகவே நிற்கலாம். உயரம் குறைந்த அடிப்படைக் கண்ணியான சிங்கிள் குரோஷே, அல்லது அதைவிடச் சற்றே உயரமான ஹாஃப் டபுள் போதும். இணையத்தில் கிடைக்கும் செய்முறை எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் செய்முறையில் 'டபுள் குரோஷே' என்று எழுதியிருப்பது அமெரிக்க சிங்கிள் குரோஷே. இது தெரியாமல் பின்னினால் கிண்ணத்தின் சுவர் இரு மடங்கு உயரமும் சல்லடைச் சந்துமாக வரும்.

அடித்தட்டு சிங்கிள் குரோஷேயில் 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கண்ணி வீதம் கூட வேண்டும்: 6, 12, 18, 24 என்று. கூட்டத் தவறினால் தட்டு குழியும், மிகுதியாகக் கூட்டினால் விளிம்பு அலையடிக்கும். எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் கூட்டினால் வட்டம் அறுகோணமாகும். சிறு மூலைகளை ஃபெல்டிங் மழுக்கிவிடும் என்றாலும் முழுதாக மறைக்காது. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டால் தொல்லை இல்லை. நடுவில் உள்ள மேஜிக் ரிங்கின் (முதல் கண்ணிகளைப் போடும், இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) வாலை இழுத்து இறுக்கி அப்படியே விட்டுவிடாமல், வளையத்தைச் சுற்றி இரண்டு முறை தைத்துவிடுங்கள். தண்ணீரில் அது நழுவினால் கிண்ணத்தின் அடியில் ஓட்டை விழும், சுருக்கம் அதை அடைக்காது.

ஒவ்வொரு சுற்றையும் மூடி, செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு அடுத்த சுற்றுக்கு ஏறுகிறவர்களுக்கு ஒரு சாய்ந்த தழும்பு மிஞ்சும். சுருள்போல் நிறுத்தாமல் பின்னிப் போவது நல்லது. முதல் கண்ணியில் அடையாளக் கொக்கி போட்டு எண்ணுங்கள். முடிவில் இரண்டு மூன்று ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத இணைப்புக் கண்ணி) போட்டால் படி தெரியாது. தண்ணீரில் போடும் முன் கொக்கியை எடுக்க மறக்காதீர்கள், அதைச் சுற்றியும் கம்பளி கெட்டியாகிவிடும். நூலை முடிச்சுப் போட்டு இணைத்தால் அந்த முடிச்சு வேர்க்கடலை அளவுக் கட்டியாக நிற்கும். மேலே சொன்னபடி உள்ளங்கையில் தேய்த்தே இணைத்துவிடலாம்.

மாதிரி பின்னாமல் அளவு சொல்ல முடியாது

எவ்வளவு சுருங்கும் என்பது நூலுக்கு நூல், நிறத்துக்கு நிறம், கைக்குக் கை மாறும். நீள அகலத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை குறைவது சாதாரணம். அதனால் அதே நூல், அதே ஊசியில் 15 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி, அளந்து, ஃபெல்ட் செய்து, உலர்ந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். கண்ணிவாக்கில் ஓர் அளவு, வரிசைவாக்கில் ஓர் அளவு. இரண்டும் ஒரே விகிதத்தில் குறையாது.

சதுரம் அகலத்தில் 10.5 சென்டிமீட்டரும் உயரத்தில் 9.75 சென்டிமீட்டரும் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அகலம் 70 சதவீதமாகவும் உயரம் 65 சதவீதமாகவும் நின்றிருக்கிறது. முடிவில் 7 சென்டிமீட்டர் உயரச் சுவர் வேண்டுமென்றால் 7 ஐ 0.65 ஆல் வகுக்க, 10.8 வரும். வரிசைக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் என்றால் 11 சுற்று. அடித்தட்டை 20 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு, அதாவது 10 சுற்று, 60 கண்ணி வரை பின்னினால் சுருங்கியதும் 13, 14 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். இரட்டை நூலில் இந்தக் கிண்ணத்துக்கு 100 கிராம் கைவசம் இருந்தால் தாராளம்.

இந்தக் கணக்கிலேயே ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. வட்டத்தட்டில் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் தூரம் வரிசை உயரம், சுற்றளவு கண்ணி அகலம். உயரம் கூடுதலாகச் சுருங்கினால் ஆரம் குறைந்து சுற்றளவு மிஞ்சும். பின்னும்போது தட்டையாக இருந்த அடித்தட்டு, ஃபெல்ட் ஆனதும் அலையடிப்பது இதனால்தான். பின்னலில் பிழை இல்லை. ஈரமாக இருக்கும்போதே மையத்திலிருந்து வெளிப்புறமாக இழுத்து அழுத்தினால் படியும்.

சுவரை 8 சென்டிமீட்டருக்கு மேல் ஒற்றை நூலில் எழுப்புவது வீண். நிற்காது, வாயைக் கோணிக்கொண்டு மடங்கும். உயரக் கிண்ணத்துக்கு இரட்டை நூல்தான். வாய் விளிம்பு தண்ணீரில் இழுபட்டு விரிவதும் பரவலான குறை. கடைசிச் சுற்றில் பத்துக் கண்ணிக்கு ஒன்று குறைத்து, அதன்மேல் ஒரு சுற்று ஸ்லிப் ஸ்டிச் போட்டால் விளிம்பு அடங்கும். பெரிய கிண்ணமானால் விளிம்போரம் பருத்தி நூலால் ஓட்டுத்தையல் போட்டு, ஃபெல்ட் ஆன பின் உருவிவிடலாம். பருத்தி கம்பளியோடு ஒட்டாது.

தண்ணீரில்

சூடுதான் கம்பளியைச் சுருக்குகிறது என்று நம்பிக் கொதிக்கும் நீரில் ஊறப்போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. சாயம் போடுகிறவர்கள் கம்பளி நூலைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். அசைக்காமல் வைத்தால் நூல் நூலாகவே இருக்கும். வேலை செய்வது உரசல். சூடும் சோப்பும் அதற்குத் துணை. வெந்நீர், குளிர்ந்த நீர் என்று மாற்றி மாற்றி முக்குவதும் உரசல் இல்லாமல் பெரிதாக ஒன்றும் செய்யாது.

கையால் செய்வதென்றால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கை தாங்கும் சூட்டில் நீர் வைத்து, துணி துவைக்கும் கல்லிலோ வரிப்பலகையிலோ எல்லாப் பக்கமும் சமமாகத் தேயுங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். சோப்பு சில சொட்டுகளுக்கு மேல் வேண்டாம். நுரை பொங்கினால் இழைகள் வழுக்கிப்போகும், உரசல் குறையும். போர்வெல் உப்புத் தண்ணீரில் பார் சோப்பு திரிந்து வெள்ளைப் பிசுக்காகக் கம்பளியில் ஒட்டும். அங்கே பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு மேல். கம்பளித் துணிக்கென்று விற்கும் மென்சோப்பையும் கண்டிஷனரையும் தவிர்த்துவிடுங்கள். இழை சிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை.

மெஷினில் போடுவதானால் மேல்பக்கம் திறக்கும் வகை வசதி. செமி ஆட்டோமேட்டிக் இன்னும் வசதி: எப்போது வேண்டுமானாலும் மூடியைத் திறந்து பார்க்கலாம். எவ்வளவு சூடான நீர் ஊற்றலாம் என்பதை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் திறக்கும் மெஷினில் கதவு பூட்டிக்கொள்வதால், இருப்பதிலேயே குறுகிய சுழற்சியைத் தேர்ந்தெடுத்து, தேவைப்பட்டால் மறுபடி ஓட்டுவதுதான் வழி. கிண்ணத்தை ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போடாமல் மெஷினில் இடாதீர்கள். உதிரும் பஞ்சு வடிகட்டியையும் பம்பையும் அடைக்கும். உரசலுக்கு இரண்டு பழைய ஜீன்ஸ் போடலாம். துவாலை வேண்டாம், அதன் பஞ்சு கம்பளிக்குள் ஏறினால் பிடுங்க முடியாது. சிவப்பு, கருநீலக் கிண்ணங்களை வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடிகாரம் இங்கே உதவாது. இருபது நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் சட்டென்று சுருங்கும். ஒவ்வொரு முறையும் உட்புறத்தில் கையை விட்டு, ஒட்டத் தொடங்கிய மடிப்புகளைப் பிரித்துவிட வேண்டும். மடிப்பு ஒன்றோடொன்று ஃபெல்ட் ஆகிவிட்டால் கத்தரிக்கோல்தான் பிரிக்கும். இரண்டு கையால் இழுத்துப் பார்க்கும்போது கண்ணி தெரியாமல், துணி விறைப்பாக எதிர்த்து நின்றால் போதும். குறைவாக ஆனதை மறுநாள்கூடத் தொடரலாம். மிகுந்துபோனால் ஈரத்தில் ஓரளவு இழுத்துச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

ஸ்பின் மட்டும் வேண்டாம். சுழலில் விழும் மடிப்பு அழியாமல் நிற்கும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு அலசினால் சோப்பின் காரம் போய்விடும். பிறகு முறுக்காமல் துவாலையில் சுற்றி மிதித்து ஈரத்தை எடுங்கள்.

உலர்த்தும்போது

கவிழ்க்கும் பாத்திரத்தைப் பின்னத் தொடங்கும் முன்பே எடுத்துவைப்பது நல்லது. எல்லாம் முடிந்த பின் சமையலறையில் தேடினால், பொருந்துகிற அளவு கிடைக்காது. எவர்சில்வர் கிண்ணம், டப்பர்வேர் டப்பா எதுவும் சரி. இரும்பு வேண்டாம், துருக் கறை ஏறும். மண்சட்டியானால் பாலித்தீன் சுற்றிக்கொள்ளுங்கள். அடி விளிம்பைக் கட்டைவிரலால் கிள்ளிக் கிள்ளி மூலையை வரைந்துவிட வேண்டும். அடித்தட்டிலிருந்து சுவருக்குத் திரும்பும் இடத்தில், கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் ஊசி விட்டுப் பின்னிய சுற்று, ஃபெல்ட் ஆனதும் பெரும்பாலும் கரைந்துவிடும். அதை நம்பி உட்காராதீர்கள்.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொடுவதற்கு உலர்ந்ததுபோல் இருக்கும். கை ஏமாந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள், மழைக்காலத்தில் மூன்று நாள் விடுங்கள். வெளிப்புறம் உலர்ந்ததும் பாத்திரத்தை உருவினால் உட்புறமும் காற்று வாங்கும். நேர் வெயில் சாயத்தை வெளுக்கும்.

விளிம்பு கோணலாக வந்தால் அவிழ்க்க வேண்டியதில்லை. நன்றாக ஃபெல்ட் ஆன துணி பிரியாது, கூர்மையான கத்தரிக்கோலால் சமமாக வெட்டிவிடலாம். வெட்டிய இடத்தைச் சோப்பு நீர் தொட்டு இரண்டு நிமிடம் தேய்த்தால் வெட்டு தெரியாது. வெட்டியதும் கண்ணி உதிரத் தொடங்கினால் ஃபெல்டிங் போதவில்லை என்று அர்த்தம், கிண்ணத்தை மறுபடி வெந்நீருக்கு அனுப்புங்கள்.