பிரெஞ்சு அரசியல்வாதிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்கப் புதிதாக வருகிறவர்களின் வரைவுகளைத் திருத்துகிறேன். பெயர் உச்சரிப்புப் பிழைகள் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

பதவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது

பல ஆண்டுகளுக்கு முன், பியேர் மோருவா பற்றிய குறிப்பில் "லீல் நகர மேயர் பதவியைத் துறந்து 1981இல் பிரதமரானார்" என்று எழுதினேன். அச்சாகியும்விட்டது. மூலத்தில் 'துறந்து' என்ற சொல்லே இல்லை. மேலே போனவர் கீழே இருந்ததை விட்டிருப்பார் என்று நானாகச் சேர்த்தேன். அவரோ 1973 முதல் 2001 வரை லீலின் மேயர். 1981 மே முதல் 1984 ஜூலை வரை பிரதமரும் அவரே. போன வாரம் வந்த வரைவிலும் அதே 'துறந்து'. கோபம் வந்தது.

ஒரு சொல்தானே என்று விட முடியாது. 1982 மார்ச் 2ஆம் தேதி அதிகாரப் பரவலாக்கச் சட்டத்தைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் கஸ்தோன் தெஃபேர், 1953 முதல் மர்சேய் மேயர். பிரதமரும் மேயர், உள்துறை அமைச்சரும் மேயர்! மாவட்டத்தில் மத்திய அரசின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்ட பிரிஃபெக்ட் அதுவரை நகர மன்றத் தீர்மானங்களை முன்கூட்டியே தடுக்க முடிந்தது. அந்தப் பிடிக்குள் ஆண்டுக்கணக்கில் நகரத்தை நடத்திய இருவர்தான் அதைத் தளர்த்தினார்கள். 'துறந்து' என்று எழுதினால் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. 1983இல் லீலில் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ஓடத் தொடங்கியபோதும் இரு பொறுப்புகளும் மோருவாவிடமே இருந்தன.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1958 அரசியலமைப்பின் 23ஆம் பிரிவுப்படி, அமைச்சராகிறவர் நாடாளுமன்ற இருக்கையை விட வேண்டும். மேயர் பதவிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ஒவ்வொரு பதவிக்கும் தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் தனித்தனியே தேடி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைய சட்டத்தைப் பழைய காலத்துக்குப் பொருத்துவது

நாடாளுமன்ற உறுப்பினர் மேயராகவும் இருக்கக் கூடாது என்ற 2014ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017இல்தான்.

"மக்கள் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்"

இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றம் தேர்ந்தெடுக்கிறது.

செனட்டரும் அப்படித்தான்

நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வாக்களிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நகர மன்றங்களின் பிரதிநிதிகள். மோருவா 1992இல் மேயராக இருந்துகொண்டே செனட்டரானார் என்று எழுதும்போது, அவருக்கு வாக்களித்தவர்கள் யார் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.