குடல் புற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை: அந்த 83 சதவீதத்தை நாமே பிரித்துப் பார்ப்பது எப்படி?

எங்கள் பெரிய மாமாவுக்கு 58 வயதில் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்து, கருணைக்கிழங்கும் களிம்புமாக ஏழு மாதம் ஓட்டினார். நடுவில் செய்த முழு உடல் பரிசோதனையில் சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்ந்திருந்தது. 2.1 என்று வந்தது. 5-க்குக் கீழே இருந்தால் நார்மல். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். கடைசியில் கொலோனோஸ்கோபி (கேமரா குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்தபோது பெருங்குடல் புற்றுநோய் மூன்றாம் நிலையில் இருந்தது.

அப்போதிலிருந்து, "ஒரு குழாய் ரத்தத்தில் குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம்" என்று எந்தச் செய்தி வந்தாலும் வீட்டில் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் மருத்துவர் இல்லை, கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். ஆனால் இந்தச் செய்திகளில் பாதி வேலை கணக்குதான். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் யாரும் செய்யலாம். ஒரு தாள், பேனா, கைபேசி கால்குலேட்டர் போதும்.

பயிற்சிக்கு ஒரு நிஜமான ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிஷியூமியும் அவர் குழுவினரும் 2012-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்டது. புற்றுநோய் உள்ளவர்களில் 83 சதவீதம் பேரை ரத்தத்தை வைத்தே பிடித்ததாகச் சொல்வது. தலைப்பில் இருக்கும் 83 இதுதான். யாரும் இலவசமாகப் படிக்கலாம். நேர்மையாக எழுதப்பட்ட கட்டுரை, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

படி 1: ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள்

ரத்தத்தில் புற்றுநோயின் தடத்தைப் பல விதமாகத் தேடலாம். கட்டியிலிருந்து உதிரும் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடுவது ஒரு வழி. கட்டி வெளியிடும் புரதத்தைத் தேடுவது இன்னொன்று. மாமாவுக்குச் செய்த சிஇஏ இந்த வகை. கனடாவின் மான்ட்ரியலில் 1965-இல் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டுபிடித்த புரதம் அது. மூன்றாவது வழியில், உடல் தன் சமையலில் பயன்படுத்தும், மிச்சம் வைக்கும் சின்னச் சின்ன வேதிப்பொருள்களை அளக்கிறார்கள். சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் போன்றவை. இவற்றுக்கு மெட்டபொலைட் என்று பெயர்.

புற்றுநோய்ச் செல்லின் சமையல் வேறு மாதிரி இருக்கும் என்பது பழைய செய்தி. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தாலும் அது சர்க்கரையை முழுதாக எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றித் தள்ளுகிறது என்று ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே சொன்னார். அப்படியானால் அந்த அடுப்பின் புகை ரத்தத்தில் தெரிய வேண்டுமே என்பதுதான் இந்த ஆய்வுகளின் அடிப்படை எண்ணம்.

கோபே குழு ரத்தத்தின் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு மேலே பிரியும் தெளிந்த நீர்), வேதிப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி – மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் ஓட்டி, கடைசியில் நான்கு பொருள்களைத் தேர்ந்தெடுத்தது. 2-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், அஸ்பார்டிக் அமிலம், கைனூரெனின், சிஸ்டமைன். நான்கின் அளவையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் 'புற்றுநோய் இருக்கலாம்' அல்லது 'இல்லை' என்று விடை வரும்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு தாளில் குறித்து வையுங்கள். படி 4-இல் தேவைப்படும்.

படி 2: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

இதை எப்போதும் செய்யுங்கள். சதவீதம் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் ஆட்களாக மாற்றினால்தான் மனசுக்குப் புரியும்.

இரண்டு எண்கள் வேண்டும். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பரிசோதனை பிடிக்கிறது என்பது ஒன்று. இதைச் சென்சிட்டிவிட்டி என்பார்கள். இந்தப் பதிவில் 'பிடிக்கும் திறன்' என்றே எழுதுகிறேன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை 'உனக்கு ஒன்றுமில்லை, போ' என்று சரியாக விடுகிறது என்பது இன்னொன்று, ஸ்பெசிஃபிசிட்டி. இது 'விடும் திறன்'.

கோபே ஆய்வில் முதலில் 60 நோயாளிகளையும் 60 ஆரோக்கியமானவர்களையும் வைத்துச் சூத்திரத்தை உருவாக்கினார்கள். அதில் இரண்டு திறனும் 85 சதவீதம். இந்த எண்ணைத் தள்ளி வையுங்கள். மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே கணக்கைப் பரீட்சையில் கேட்டு மதிப்பெண் போட்ட மாதிரி அது. புதிய ஆட்களை வைத்துச் சோதித்த எண்தான் நமக்கு வேண்டும்.

அதையும் அவர்கள் செய்தார்கள். வேறு 59 நோயாளிகள், வேறு 63 ஆரோக்கியமானவர்கள். பிடிக்கும் திறன் 83.1, விடும் திறன் 81.0. கால்குலேட்டரை எடுங்கள்:

59 × 0.831 = 49 பேர் பிடிபட்டார்கள், 10 பேர் தப்பினார்கள்.
63 × 0.810 = 51 பேர் சரியாக விடப்பட்டார்கள், 12 பேருக்கு வீண் பயம்.

85 என்பது புதிய ஆட்களிடம் 83 ஆகத்தான் குறைந்திருக்கிறது. இது நல்ல அறிகுறி. பல ஆய்வுகள் இந்த இடத்தில்தான் படுத்துவிடும்.

படி 3: ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்

59 பேரில் 49. இன்னும் 59 பேரை எடுத்திருந்தால் 45 வந்திருக்கலாம், 52-உம் வந்திருக்கலாம். புள்ளியியலில் இதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. போட்டுப் பார்த்தால், உண்மையான பிடிக்கும் திறன் ஏறத்தாழ 71-க்கும் 91-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். தலைப்பில் 83.1 என்று பார்த்தால் மனசுக்குள் '71–91' என்று வாசியுங்கள்.

படி 4: எதிர் வரிசையில் யார் நின்றார்கள்?

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். என் மாணவர்கள் வேகமாகத் தாண்டிப் போவதும் இந்த இடத்தைத்தான்.

கோபேயில் ஒரு பக்கம் புற்றுநோய் உறுதியானவர்கள், மறுபக்கம் ஆரோக்கியமான தன்னார்வலர்கள். முதல் 60 நோயாளிகளில் 0 முதல் 4 வரை ஒவ்வொரு நிலையிலும் 12 பேர். ஆக ஐந்தில் ஒருவர் முற்றிய நிலையில் இருந்தார். அறிகுறியே இல்லாத ஆட்களை ஒரு ஊரில் திரட்டினால் கூட்டம் இப்படி அமையாது. (0 முதல் 2 வரையிலான நிலைகளிலும் 82.8 சதவீதம் பிடிபட்டதைக் கட்டுரை தனியாகச் சொல்கிறது. முக்கியமான செய்தி, ஆனால் ஆட்கள் இன்னும் குறைவு.)

இப்போது அந்த நான்கு பெயர்கள் எழுதிய தாளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "புற்றுநோயைத் தவிர வேறு எதனால் இது மாறும்?" என்று எழுதுங்கள். 2-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, அதாவது சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களுக்குக் கூடும். கைனூரெனின் என்பது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் உடைந்து வருவது. தொற்று, நாள்பட்ட அழற்சி, சிறுநீரகக் கோளாறு எதில் வேண்டுமானாலும் அது ஏறும். அஸ்பார்டிக் அமிலம் சிவப்பணுவுக்குள் நிறைய உண்டு. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் சீரத்தில் அளவு தானாக உயரும்.

ஆரோக்கியமானவர்களை மட்டும் எதிரே நிறுத்தினால் இந்தச் சிக்கல்கள் கண்ணில் படாது. நிஜத்தில் ஸ்கிரீனிங்குக்கு, அதாவது அறிகுறி இல்லாதபோதே நோயைத் தேடும் பரிசோதனைக்கு, வருகிறவர்கள் யார்? 50, 60 வயதுக்காரர்கள். சர்க்கரை, மூட்டு வலி, சிறுநீரகக் குறைபாடு என்று எல்லாமே கலந்துதான் வருவார்கள். ஆகவே ஒரு ஆய்வைப் படிக்கும்போது கேட்க வேண்டியது: எதிர் வரிசையில் சர்க்கரை நோயாளி இருந்தாரா? குடல் அழற்சி உள்ளவர் இருந்தாரா? பாலிப் (குடலின் உள்சுவரில் வரும் சிறு வளர்ச்சி) மட்டும் இருப்பவர் இருந்தாரா?

படி 5: குழாய்க்குள் என்ன நடந்தது?

ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும், லாக்டேட் ஏறும். சர்க்கரை பார்க்கச் சாம்பல் நிற மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பது இதனால்தான். அதிலுள்ள ஃபுளோரைடு அந்தத் தீனியை நிறுத்தும்.

மெட்டபொலைட் ஆய்வில் இந்தக் கவலை பல மடங்கு. நோயாளியின் ரத்தம் அரை மணியிலும் ஆரோக்கியமானவரின் ரத்தம் மூன்று மணி நேரம் கழித்தும் பிரிக்கப்பட்டிருந்தால், கருவி கண்டுபிடித்தது புற்றுநோயையா, தாமதத்தையா? காலையா மாலையா, வெறும் வயிறா என்பதும் எண்களை நகர்த்தும். கோபே குழு காலை, பகல், இரவு என்று எடுத்தும், மூன்று நாள் எடுத்தும் அளவு எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் சோதித்திருக்கிறது. இந்தப் பகுதியே இல்லாத கட்டுரை என்றால் என் நம்பிக்கை பாதியாகக் குறைந்துவிடும்.

படி 6: பத்தாயிரம் பேர் கணக்கு

அறிகுறி எதுவும் இல்லாத 10,000 பேரில் எத்தனை பேருக்கு இந்தப் புற்றுநோய் இருக்கும்? ஊகிக்க வேண்டாம். மல டிஎன்ஏ பரிசோதனை ஒன்றைச் சோதித்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வில் 9,989 பேருக்குக் கொலோனோஸ்கோபி செய்து பார்த்தார்கள். 65 பேருக்கு இருந்தது. அதையே எடுத்துக்கொள்வோம்: 65 பேருக்கு நோய், 9,935 பேருக்கு இல்லை.

கோபே எண்களைப் போடுங்கள். விடும் திறன் 0.81 என்றால் வீண் பயம் மீதி 0.19.

65 × 0.831 = 54 பேர் பிடிபடுவார்கள், 11 பேர் தப்புவார்கள்.
9,935 × 0.19 = ஏறத்தாழ 1,888 பேருக்கு வீண் பயம்.

'இருக்கலாம்' என்று விடை வந்தவர்கள் மொத்தம் 1,942. அதில் உண்மையாக நோய் உள்ளவர்கள் 54. அதாவது 36 பேரில் ஒருவர். ஆய்வின் எண் எதுவும் மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. முதன்முறை இந்தக் கணக்கைப் போடும் எல்லோரும் ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள்.

அப்புறம் பக்கத்தில் ஃபிட் என்ற மலப் பரிசோதனையை வையுங்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் எளிய சோதனை. ஜப்பானில் 1992-லிருந்து 40 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு நாள் மலத்தில் இதைச் செய்கிறார்கள். மேலே சொன்ன 2014 ஆய்வில் ஃபிட்டின் பிடிக்கும் திறன் 73.8, விடும் திறன் 94.9. கணக்கு: 48 பேர் பிடிபடுவார்கள், 17 பேர் தப்புவார்கள், வீண் பயம் சுமார் 507 பேருக்கு. பிடிபடுவதில் ஆறு பேர் குறைவு, வீண் கொலோனோஸ்கோபியில் 1,381 பேர் குறைவு. புதிய ரத்தப் பரிசோதனை ஜெயிக்க வேண்டியது இதைத்தான்.

ஒன்றைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. இந்தக் கணக்கு முழுக்க அறிகுறி இல்லாதவர்களுக்கு. மலத்தில் ரத்தம், பல வாரமாக மாறிய மலப் பழக்கம், காரணமில்லாத ரத்தசோகை, எடைக் குறைவு இருந்தால் அது ஸ்கிரீனிங் இல்லை. நேராக மருத்துவரிடம் போய்க் கொலோனோஸ்கோபி பற்றிப் பேச வேண்டும். ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது.

படி 7: பாலிப்பைப் பிடிக்கிறதா?

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்ற சிறு வளர்ச்சியாகத் தொடங்கிப் பல வருடம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் நோய் வராமல் தடுக்கலாம். ஆகவே பாலிப் எண்ணைத் தனியாகத் தேடுங்கள்.

அமெரிக்காவில் 2024 ஜூலையில் ஷீல்டு என்ற ரத்தப் பரிசோதனைக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. 45 வயது தாண்டிய, சராசரி ஆபத்துள்ளவர்களுக்கு. இது மெட்டபொலைட் இல்லை, டிஎன்ஏ துணுக்கைப் பார்ப்பது. அதன் பிடிக்கும் திறனும், தற்செயலாக, அதே 83.1. ஆனால் இது ஸ்கிரீனிங்குக்கு வந்த 7,861 பேரிடம் கிடைத்த 83.1. அவர்களில் 65 பேருக்குப் புற்றுநோய் இருந்தது, 54 பேர் பிடிபட்டார்கள். விடும் திறன் 89.6. ஒரே எண், ஆனால் கோபேயின் 83.1-ஐவிட இதற்கு எடை அதிகம். ஏன் என்று படி 4 சொல்லும். இவ்வளவு பெரிய ஆய்வைத் தாண்டிய பரிசோதனைகூட முற்றிய பாலிப்பில் (புற்றுநோயாக மாறும் ஆபத்து அதிகமுள்ளவை) 13.2 சதவீதத்தைத்தான் பிடித்தது. ஃபிட் 2014 ஆய்வில் 23.8 பிடித்தது.

பயிற்சிக் கணக்கு

கோபே கட்டுரை அதே முதல் 120 பேரிடம் சிஇஏ-வையும் அளந்தது. பிடிக்கும் திறன் 35.0, விடும் திறன் 96.7. படி 6-இல் உள்ள 10,000 பேரிடம் இதைப் போட்டுப் பாருங்கள். போட்ட பிறகு கீழே படியுங்கள்.

பிடிபடுபவர்கள் 23. வீண் பயம் ஏறத்தாழ 328. 'இருக்கலாம்' என்று வந்த 351 பேரில் 23 பேருக்கு உண்மையாகவே நோய். இந்த ஒரு விகிதத்தை மட்டும் பார்த்தால், 15-இல் ஒருவர், சிஇஏ கோபே சூத்திரத்தைவிட நன்றாகத் தெரியும். இப்போது 'தப்பியவர்கள்' என்ற கட்டத்தையும் நிரப்புங்கள்: நோய் இருந்தும் 'நார்மல்' என்று தாள் வாங்கிப் போகிறவர்கள் 42 பேர். மாமாவின் சட்டைப்பையில் இருந்த 2.1 விழுவது இந்தக் கட்டத்தில்தான்.