தனிக் கலைஞர்களின் கைக்கடிகாரம்: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருநிறுவனங்களைச் சாராமல், தம் பெயரிலேயே ஆண்டுக்குச் சில கைக்கடிகாரங்களை மட்டும் உருவாக்கும் கலைஞர்களின் படைப்பை வாங்க விரும்புவோர் பலரும், அதில் எத்தனை சிக்கலான அமைப்புகள் உள்ளன என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எடுத்துக்காட்டாக, கடிகாரக் கலைஞர் பிரெகே 1801-இல் காப்புரிமை பெற்ற டூர்பில்லான், அதாவது கடிகாரத்தின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பாகங்களைச் சுழலும் கூண்டில் வைக்கும் அமைப்பு, சட்டைப்பையில் நெடுநேரம் செங்குத்தாக நின்ற கடிகாரங்களுக்குப் புவியீர்ப்பால் நேரும் பிழையைச் சமன்செய்யப் பிறந்தது. ஓயாமல் நிலை மாறும் மணிக்கட்டில் அதன் தேவை மிகக் குறைவு. அதன் அழகை ரசிக்கலாம், ஆனால் அது இருப்பதாலேயே ஒரு கடிகாரம் உயர்ந்ததாகிவிடாது. சுவிஸ் கடிகாரக் கலைஞர் ஃபிலிப் டுஃபூர் 2000-இல் வெளியிட்ட 'சிம்ப்ளிசிட்டி' மணி, நிமிடம், நொடி ஆகியவற்றை மட்டுமே காட்டுகிறது. அதைப் போற்றுவோர் பேசுவதெல்லாம் டயலின் அளவுப் பொருத்தத்தையும் கடிகாரத்தை இயக்கும் உள்பொறியான மூவ்மென்ட்டின் கைவேலையையும் பற்றித்தான்.

அந்தக் கைவேலையை ஒளிப்படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூவ்மென்ட்டின் பாகங்களில் விளிம்பைச் சரித்து மெருகேற்றும்போது, சுழலும் வெட்டுக்கருவி உள்மூலையில் ஒரு வளைவையே விட்டுச் செல்லும். இரு சரிவுகளும் கூராகச் சந்திக்கும் உள்மூலை கையால் அரம் பிடித்தவரின் பொறுமைக்குச் சான்று என்பதால், உருப்பெருக்கியை வைத்து முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

எனினும், நான் மிகப் பெரிதாகக் கருதும் தவறு வேறு: கலைஞருக்குப் பின் அந்தக் கடிகாரத்தை யார் பழுதுபார்ப்பார் என்று கேட்காமலிருப்பது. எண்ணெய் காலப்போக்கில் கெடும், பாகங்கள் தேயும். உலகெங்கும் புழங்கும் அடிப்படை மூவ்மென்ட்டைத் தழுவிச் செய்திருந்தால் அதைக் குறையாக எண்ணுவோர் உண்டு. பழுதுபார்ப்பவரின் பார்வையில் அது பெரும் பாதுகாப்பு. முற்றிலும் புதிய மூவ்மென்ட் என்றால், வரைபடங்கள் பேணப்படுகின்றனவா, உதிரிப் பாகங்கள் உள்ளனவா என்று வாங்குமுன் கேட்பது அவசியம். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் வடிவமைத்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட் (சக்கரங்களின் ஓட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக விடுவிக்கும் அமைப்பு) உராய்வு என்னும் உண்மையான சிக்கலைத் தீர்க்க முயன்றது. 1999-இல் சுவிஸ் கடிகார நிறுவனமான ஒமேகா அதைத் தன் கடிகாரங்களில் ஏற்றது. 2011-இல் டேனியல்ஸ் மறைந்த பின்னும் அது உற்பத்தியில் இருப்பதற்கு, பிறரும் கற்றுச் செய்யக்கூடியதாக அது அமைந்ததே காரணம்.

ஏலத்தில் கேட்ட ஒரு விலையை வைத்து எதிர்கால மதிப்பைக் கணிப்பதும் தவறே. வெகு சிலவே விற்பனைக்கு வரும் இத்துறையில், இருவர் போட்டியிட்டாலே விலை ஏறிவிடும்.

வாங்கிய பின் நேரும் தவறு ஒன்றும் உண்டு. கீறலைப் போக்கக் கடிகாரத்தின் வெளிக்கூட்டை மீண்டும் மீண்டும் பாலிஷ் செய்தால், கலைஞர் வகுத்த விளிம்புகள் மழுங்கி, வடிவமே மாறிவிடும். இழந்த உலோகத்தை எளிதில் மீட்க இயலாது. பராமரிப்புக்குக் கொடுக்கும்போதே, கூட்டைத் தொட வேண்டாம் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.