கீரை ஆயும் நேரத்தில் பறவை பார்ப்பது எப்படி?

முதலில், வீட்டு வேலைக்காக நீங்கள் தினமும் எங்கே உட்காருகிறீர்கள் என்று யோசியுங்கள். எனக்கு அது கொல்லைக் கதவைத் தாண்டிய இரண்டாவது படி. கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, பூத் தொடுப்பது எல்லாம் அங்கேதான். பறவை பார்க்கவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து வெறித்துப் பார்த்தால் ஒன்றும் கிட்டே வராது. அசையாமல் முறைத்துப் பார்ப்பது பூனையும் வல்லூறும் செய்கிற வேலை. குனிந்த தலையும் கையில் வேலையுமாக இருப்பவரை, நாலைந்து நாளில் பறவைகள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. நமக்கு வேண்டியதும் அந்த அலட்சியம்தான்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். தோட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 15 அடி அகலம், 30 அடி நீளம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, சுவரோரம் செம்பருத்தியும் இட்லிப்பூவும், நடுவில் செப்டிக் டேங்க் மூடி. இதற்குள்ளேயே எட்டு வருடத்தில் 31 வகைப் பறவைகளைப் பார்த்துவிட்டேன். கொள்ளிடக் கரை பக்கத்தில் இருப்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

எல்லோரும் தீனி போடத்தான் முதலில் ஓடுவார்கள். நான் சொல்வேன், முதலில் தண்ணீர் வையுங்கள். அதிலும் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பளபளவென்று இருக்கட்டும் என்று எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்தேன். பதினோரு மணிக்கெல்லாம் வெந்நீர் ஆகிவிட்டது. அதோடு விளிம்பு வழுக்கி, ஒரு தவிட்டுக்குருவி குப்புற விழுந்து, கூட வந்த ஆறும் என்னைத் திட்டுவது போலக் கத்தின. அப்புறம் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு வாங்கினேன். ஒரு அடி அகலம், ஆழம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. நடுவில் ஒரு செங்கல் துண்டு. அதன் மேல் நின்று ஆழம் பார்த்துவிட்டுத்தான் இறங்குகின்றன.

தட்டு நிழலில் இருக்க வேண்டும், ஆனால் புதருக்குப் பக்கத்தில் கூடாது. பூனை பதுங்க இடம் கிடைத்துவிடும். ஆறடியாவது தள்ளி, மேலே ஒரு கிளை இருக்கும்படி வையுங்கள். தண்ணீரைத் தினமும் வாழைக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். நம் ஊர் வெயிலில் கொசு முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் போதும், அதனால் "நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் காலையும் மாலையும் நிரப்புகிறேன். தேன்சிட்டு மட்டும் தட்டில் இறங்காது. அதற்கு ஈர இலைதான் குளியலறை. வாழைக்குத் தண்ணீர் விடும்போது குழாயை இலை மேலும் ஒரு முறை காட்டினால், இலையின் நடுவே சறுக்கிச் சறுக்கிக் குளிக்கும்.

தீனி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். காக்கைக்குச் சோறு வைப்பது மாமியார் காலத்து வழக்கம், அதை நிறுத்தவில்லை. உப்பும் எண்ணெயும் படாத ஒரு பிடி சோறு, அவ்வளவுதான். ஒரு முறை தாராளமாக இருக்கட்டும் என்று கிண்ணம் நிறையக் கம்பு வைத்தேன். மிச்சத்தை இரவில் எலி தின்றது. எலியைத் தேடிப் பெருச்சாளி வந்ததா, அதுவும் கம்புக்கே வந்ததா தெரியாது, வாழைக்கு அடியில் வளை தோண்டிவிட்டது. அன்றிலிருந்து விருந்தைச் செடிகளிடம் ஒப்படைத்துவிட்டேன். கறிவேப்பிலைப் பழத்தைப் பறிக்காமல் விட்டால் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். முருங்கைப்பூ, வாழைப்பூ, செம்பருத்தி எல்லாம் தேன்சிட்டுக்கு. பூச்சிமருந்து மட்டும் அடிக்கக் கூடாது. தேன் குடிக்கிற தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் ஊட்டுகிறது. முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் என்ன செய்வது என்பீர்கள். பகலில் அது அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கிடக்கும். பழைய துடைப்பத்தால் வழித்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிடுங்கள். முழங்கை வரை மூடிக்கொள்ளுங்கள், அரிப்பு இரண்டு நாள் போகாது.

பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காது போதும். இதை மாமியாரிடம் கற்றுக்கொண்டேன். 86 வயது, கண் மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக்காது. "ஊப் ஊப் ஊப்" என்று பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் செம்போத்து. எங்கோ பாத்திரக் கடையில் தட்டுவது போல "டொக் டொக்" என்று விடாமல் கேட்டால் குக்குறுவான். உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய குரலில் ஒன்று கத்தினால் அது தையல்சிட்டு, செடிக்குள் தேடுங்கள். வாரத்துக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டால் போதும். குயில் விஷயத்தில் எனக்கும் மாமியாருக்கும் ஒரு மாதம் வாக்குவாதம். பாட்டிலெல்லாம் பாடும் குயில் பெண்தானே என்பார். கூவுவது கறுப்பு ஆண். உடம்பெல்லாம் புள்ளியோடு "கிக் கிக் கிக்" என்று கத்திக்கொண்டு ஓடுவதுதான் பெண். "அப்ப இத்தனை நாள் புலவருங்க ஏமாத்தினாங்களா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

சத்தத்தில் இன்னொரு லாபமும் உண்டு. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே பூனையோ பாம்போ இருக்கும். "என்னமோ வந்திருக்கு, போய்ப் பாரும்மா" என்று மாமியார் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார். ஒரு முறை சாக்கடை ஓரம் சாரைப்பாம்பு. கழுவக் கொண்டுவந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியது நான்தான்.

கூடு கட்டும் காலத்தில் மட்டும் வீட்டு வேலை கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். போன வருடம் பிப்ரவரியில் துணிக்கொடியில் ஏதோ குப்பை தொங்கியது. காய்ந்த இலை, மரப்பட்டைத் தூள், சிலந்தி வலை. ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கம்பை நீட்டிய பிறகுதான், அலகில் வலை நூலோடு தேன்சிட்டு வந்து அதில் தொற்றியது. அதனால் சொல்கிறேன், ஒட்டடை அடிப்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். கட்டியதும் அடைகாத்ததும் பெண்தான். ஆண் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தது, குஞ்சு பொரித்த பிறகு தீனி கொண்டுவர வந்து சேர்ந்துகொண்டது. முதல் நூலிலிருந்து கூடு காலியாகும் வரை 43 நாள். அதுவரை துணி முழுக்க மொட்டை மாடியில். வாளி சுமந்த என் கணவர் முதல் வாரம் முனகினார். மூன்றாவது வாரம் காபிக்கு முன்னால் கூட்டைத்தான் பார்க்கப் போனார்.

கூடு இருந்தால் பத்தடி தள்ளியே நில்லுங்கள். செல்போனை வைத்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள், நாம் எங்கே எட்டிப் பார்க்கிறோம் என்று காக்கை கவனித்துக்கொண்டே இருக்கும். இறகு முளைத்த குஞ்சு கீழே இருந்தால் தூக்கிக்கொண்டு உள்ளே வராதீர்கள். பறக்கப் பழகுகிற குஞ்சாக இருக்கும், தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை நடமாட்டம் இருந்தால் எடுத்து அருகிலுள்ள கிளையில் விடலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா பேச்சு.

ஆண் தேன்சிட்டு ஸ்கூட்டர் கண்ணாடியைக் கொத்தினால், தன் நிழலை எதிராளி என்று நினைத்துச் சண்டை போடுகிறது என்று அர்த்தம். ஜோடியில்லாத பழைய சாக்ஸ் ஒன்றைக் கண்ணாடிக்கு மாட்டிவிடுங்கள். தீர்ந்தது.

அக்டோபரில் ஒரு விருந்தாளிக்காகத் தயாராக இருங்கள். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் கிளம்பி வரும் ஆறுமணிக்குருவி, பயணக் களைப்பில் சில சமயம் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். பச்சை முதுகு, குட்டை வால், வால் அடியில் சிவப்பு. எங்கள் வீட்டில் குளியலறைக்குள் வந்தது. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டும் அமைதியுமான இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். எங்களுடையது சாயங்காலம் பெட்டியைத் திறந்ததும் வாழைக்குப் பின்னால் தத்திப் போய்விட்டது. எழவில்லை, அடிபட்டிருக்கிறது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள். நோட்டு வாங்கினால் மூன்றாம் நாள் காணாமல் போகும். நான் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைக்கிறேன். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், அதில் வீட்டில் இருந்தபடியே கலந்துகொள்ளலாம். 15 நிமிடமாவது ஒரே இடத்தில் பார்த்து, பெயரும் எண்ணிக்கையும் இபேர்ட் செயலியில் போட வேண்டும். எங்கள் வீட்டில் பானையை அடுப்பில் ஏற்றியதும் தொடங்குவோம். ஒரே மைனாவை மூன்று தடவை எண்ணாமல் இருக்க, ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதில் அதிகமான எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். இந்தப் பொங்கலுக்கு காகம் 7, மைனா 4, தவிட்டுக்குருவி 6, கொண்டைக்குருவி 2, தேன்சிட்டு 3. செம்போத்தை யாரும் பார்க்கவில்லை. உள்ளே வெல்லம் தட்டிக்கொண்டிருந்த மாமியார்தான், "அது சுவத்துக்கு அந்தப் பக்கம் கத்துது, அதையும் எழுது" என்றார். காதால் கேட்டதையும் சேர்க்கலாம் என்பது விதியிலேயே இருக்கிறது. எழுதினோம்.